பார்னா எங்கே போயிருக்க வேண்டும்?

விக்டர் பார்னாவைப் பற்றி யார் எழுதினாலும் 22 என்ற எண்ணில்தான் தொடங்குவார்கள். உலக டேபிள் டென்னிஸ் சாம்பியன்ஷிப்பில் அவர் வென்ற பட்டங்கள் அத்தனை. ஒற்றையரில் 5, இரட்டையரில் 8, கலப்பு இரட்டையரில் 2, ஹங்கேரி அணியோடு 7. எனக்கு அந்த 22-ஐவிட அதற்கு அப்புறம் நடந்ததில்தான் ஆர்வம். கடைசிப் பட்டம் 1939-ல் கெய்ரோவில் கிடைத்தபோது அவருக்கு வயது 27. அறுபது வயதில் இறந்தபோதும் டேபிள் டென்னிஸ்தான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்களில் இப்படி வாய்த்தவர்கள் மிகக் குறைவு.

அது தானாக வாய்த்ததில்லை. 1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டபோது பார்னா அமெரிக்காவில் இருந்தார். இங்கேயே தங்கிவிடலாமா, திரும்பிப் போகலாமா, போனால் எந்த ஊருக்கு? இந்தக் கேள்வியை இன்று உட்கார்ந்து அலசுவதில் ஒரு வசதி இருக்கிறது. அவரோடு ஒரே மேசையில் ஆடிய நண்பர்களும் எதிராளிகளும் ஆளுக்கொரு வழியில் போனார்கள். அதனால் ஒவ்வொரு வழியும் எங்கே கொண்டுபோய் விட்டது என்று நமக்குத் தெரியும். ‘அப்படிச் செய்திருந்தால்’ என்று வானத்தைப் பார்த்து யோசிக்க வேண்டியதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிர்தான் முக்கியம் என்றால் அமெரிக்கா. ஆட்டம்தான் முக்கியம் என்றால் லண்டன். நானாக இருந்தால் அமெரிக்காவைவிட்டு நகர்ந்திருக்க மாட்டேன். பார்னா லண்டன் வழியைப் பிடித்தார். அவர் செய்ததுதான் சரி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் காரணமாக அவருடைய வீரத்தைச் சொல்வார்கள். நான் அவருடைய வலது கையைச் சொல்வேன்.

அந்தக் கை

அது என்ன செய்யும் என்று பார்த்துவிடுவோம். அன்றைய மட்டையில் பஞ்சு கிடையாது. மரப்பலகை, அதன் மேல் புள்ளி புள்ளியாக மேடு உள்ள ரப்பர், அவ்வளவுதான். இன்றைய மட்டைபோலப் பந்தைப் பிடித்து எறியாது. பட்டவுடன் ‘டொக்’ என்று திருப்பி அனுப்பும். வேகம் வேண்டுமென்றால் நம் கைதான் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் மேசையிலிருந்து நான்கைந்து அடி தள்ளி நின்று, வெட்டி வெட்டித் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். எதிராளி சலித்துத் தவறு செய்யும்வரை பொறுத்திருப்பதே உத்தி.

பார்னா மேசையை ஒட்டி நிற்பார். பந்து இடப்பக்கம் வரும். தோள் அசையாது. முழங்கை இருந்த இடத்திலேயே இருக்கும். முன்னங்கையும் மணிக்கட்டும் மட்டும் கதவு திறப்பதுபோல ஒரு சொடுக்கு. பந்து எதிர்மூலையில் போய் விழுந்திருக்கும். ‘பார்னா ஃப்ளிக்’ என்று அந்த அடிக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. டேபிள் டென்னிஸ் ஆடுபவர்கள் ஒருமுறை பஞ்சில்லாத மட்டையை எடுத்து இதை முயன்று பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் முன்னங்கை கடுக்க ஆரம்பித்துவிடும். எனக்கு ஐந்தே நிமிடம்.

1930 பெர்லின், 1932 பிராக், 1933 பாடன், அப்புறம் 1934 பட்டத்துக்காகப் பாரிஸ், 1935 வெம்ப்ளி. ஒற்றையர் பட்டங்கள் இந்த ஐந்தும். நடுவில் 1931-ல் புடாபெஸ்டில், சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால், சிறுவயது நண்பன் மிக்லோஷ் சபாடோஷிடம் இறுதிப் போட்டியில் தோற்றார். வெம்ப்ளியில் ஒற்றையர், இரட்டையர், அன்னா ஷிபோஷோடு கலப்பு இரட்டையர், அணி என்று நான்கு பட்டங்களையும் ஒரே மூச்சில் அள்ளினார். அது பிப்ரவரி. மூன்று மாதம் கழித்து, மே மாதம், பிரான்சில் ஒரு கார் விபத்து. வலது கை உடைந்தது. உள்ளே உலோகத் தகடு வைத்துச் சேர்த்தார்கள். அதன்பின் அவர் உலக ஒற்றையர் பட்டம் ஒன்றுகூட வெல்லவில்லை.

விபத்துக்குப் பிறகு அவருக்கு இருந்தவை மூன்று வழிகள். விட்டுவிட்டுப் பயிற்சியாளராவது. ஒற்றையரிலேயே மல்லுக்கட்டுவது. அல்லது கையின் சுமை குறைகிற இடத்தில் ஆடுவது. மூன்றாவதுதான் பலன் கொடுத்தது. இரட்டையரில் இருவரும் மாறி மாறித்தான் அடிக்க வேண்டும் என்பதால் அடிகளில் பாதிதான் உங்கள் பங்கு. மீதி, எங்கே நிற்பது, எதிராளியை எங்கே நிறுத்துவது என்ற மூளை வேலை. 1938-ல் ஹங்கேரிக்கு ஸ்வேத்லிங் கோப்பையை, அதாவது உலக அணிப் பட்டத்தை, வென்ற அணியில் இருந்தார். 1939-ல் கெய்ரோவில், ஆஸ்திரியாவைவிட்டு ஓடிவந்திருந்த ரிச்சர்ட் பெர்க்மனோடு இரட்டையர் பட்டம். 1936-ல் பிராக்கில் எர்லிக்கும் பானெத்தும் ஒரே புள்ளிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பந்தைத் தட்டிக்கொண்டிருந்த கூத்துக்குப் பின் 1937-ல் வலையின் உயரத்தைக் குறைத்தார்கள், அடித்து ஆடுபவர்களுக்கு வழிவிட. அடித்து ஆடுபவர்களின் அரசன் அப்போது தகடு வைத்த கையோடு நின்றுகொண்டிருந்தார்.

ஆக, 1939 செப்டம்பரில் பார்னாவிடம் விற்பதற்கு இருந்தது வெற்றி அல்ல. பெயரும் அறிவும் ஆடுகிற அழகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஊர்களைப் பார்ப்போம்.

புடாபெஸ்ட்

இதை நீண்ட நேரம் எடைபோட வேண்டியதில்லை. 1911-ல் அவர் பிறந்தபோது வைத்த பெயர் பிரவுன் ட்யோஸோ. நம் ஊர் இனிஷியல் மாதிரி அங்கே குடும்பப் பெயர்தான் முதலில். பிரவுன் என்ற ஜெர்மன் சொல்லுக்குப் பழுப்பு நிறம் என்று பொருள். ஹங்கேரி மொழியில் அதுவே பார்னா. ட்யோஸோ என்றால் வெற்றி பெறுபவன். வெளிநாட்டு நாக்குக்கு எளிதாக அது விக்டர் ஆனது. பொருளை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார். யூதப் பெயர் என்று காதில் விழுந்தாலே முகம் மாறுகிற காலம் அது. பல்கலைக்கழகத்தில் யூதர்களுக்கு உச்சவரம்பு வைத்த சட்டம் 1920-லேயே வந்துவிட்டது. 1938, 1939 என்று அடுத்தடுத்து வந்த சட்டங்கள் வேலை, தொழில் எல்லாவற்றையும் இறுக்கின.

‘நாட்டுக்கே பதக்கம் வாங்கிக் கொடுத்தவனை விட்டுவைப்பார்கள்’ என்ற நம்பிக்கை அன்று பலருக்கு இருந்திருக்கும். அத்திலா பெட்ஷவர் என்ற வாள்வீச்சுக்காரர் 1928, 1932 என இரண்டு ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்காக அணித் தங்கம் வென்றவர். யூதர் என்பதால் கட்டாய உழைப்புப் படையில் சேர்த்துக் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1943-ல் அங்கேயே சித்திரவதையில் இறந்தார். அடுத்த ஆண்டு ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தபின், மே நடுவிலிருந்து இரண்டு மாதத்துக்குள் சுமார் 4,37,000 யூதர்களை ரயிலேற்றினார்கள், பெரும்பாலும் ஆஷ்விட்ஸுக்கு. பார்னாவின் வயதில் இருந்த ஆண்களுக்கு உழைப்புப் படைதான் விதித்திருந்தது. இருபத்திரண்டு பட்டம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

பாரிஸ்

பார்னா முப்பதுகளில் பிரான்சில் வாழ்ந்தவர். பழகிய நாடு, தெரிந்த முகங்கள். அந்த வழியில் போனவர் மேலே சொன்ன அலோயிஸ் எர்லிக். போலந்துக்காரர், மூன்று முறை உலக இறுதிப் போட்டிவரை வந்து மூன்றிலும் தோற்றவர். பிரான்ஸ் விழுந்தபின் நாஜிகளிடம் பிடிபட்டார். ஆஷ்விட்ஸ், டாஹாவ் முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பி, மறுபடி மட்டையையும் எடுத்தார். அதிசயம்தான். அதிசயத்தை நம்பி யாரும் முடிவெடுக்க முடியாது.

சிட்னி

சபாடோஷ் தேர்ந்தெடுத்த வழி. அவரை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பார்னாவின் நிழலில் அவர் காணாமல்போகவே கூடாதவர். 15 உலகப் பட்டங்கள். பார்னாவின் எட்டு இரட்டையர் பட்டங்களில் ஆறு இவரோடு வந்தவை. முப்பதுகளின் பிற்பகுதியில் இஷ்ட்வான் கெலன் என்ற இன்னொரு ஹங்கேரியரோடு காட்சி ஆட்டச் சுற்றுப்பயணமாகக் கிளம்பி, ஆஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்டார். சிட்னியில் டேபிள் டென்னிஸ் கூடம் நடத்தினார்.

பாதுகாப்பு என்று பார்த்தால் குறையே இல்லை. ஆனால் அன்று லண்டனிலிருந்து சிட்னிக்குக் கப்பலில் ஐந்தாறு வாரம். உலகப் போட்டிகள் நடப்பதெல்லாம் ஐரோப்பாவில். உலக சாம்பியன் ஒருவர் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்து வாழலாம். அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் நடுவில் இருந்தவர் அதன் ஓரத்துக்குப் போய்விடுகிறார். சபாடோஷ் 1962-ல், ஐம்பதைத் தொடும் நேரத்தில் இறந்தார். அன்றும் இன்றும் அவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

அமெரிக்கா

இதுதான் கடினமான ஒப்பீடு, ஏனென்றால் பார்னா ஏற்கெனவே அங்கே இருந்தார். சும்மா இருந்தாலே போதும். ஹங்கேரி அணியில் அவரோடு ஆடிய லாஸ்லோ பெல்லாக் அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தார். 1933-ல் பார்னாவோடு இரட்டையர் பட்டம் வென்ற ஷாண்டோர் க்ளான்ட்ஸும் அங்கேதான் போனார். அமெரிக்கா 1941 டிசம்பர்வரை போரில் இறங்கவே இல்லை. ஹங்கேரியில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவான குடியேற்ற இடங்கள்தான் என்ற சிக்கல் இருந்தது உண்மை. ஆனால் பெயர் பெற்ற ஆட்டக்காரருக்கு யாராவது கைகொடுத்திருப்பார்கள்.

அங்கே டேபிள் டென்னிஸுக்கு என்ன இடம் இருந்தது என்பதுதான் கேள்வி. போட்டி ஆட்டத்தில் பெரிய காசில்லை. காசு மேடையில் இருந்தது. க்ளான்ட்ஸ், 1936-ன் உலகப் பெண்கள் சாம்பியன் ரூத் ஏரன்ஸோடு சேர்ந்து கேளிக்கை மேடைகளில் ஆடினார். பின்னாளில் மார்ட்டி ரீஸ்மன் போன்ற பெரிய அமெரிக்க ஆட்டக்காரர்கூட ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் என்ற கூடைப்பந்துக் குழுவின் இடைவேளைக் காட்சியாகத்தான் உலகம் சுற்றினார். இந்த உலகத்துக்குப் பெல்லாக் பிறவியிலேயே பொருத்தமானவர். டேபிள் டென்னிஸின் கோமாளி என்றே அவரை அழைப்பார்கள். மேசையில் நகைச்சுவை பண்ணி, மக்களைச் சிரிக்கவைத்து, அதே கையோடு புள்ளியையும் எடுப்பார். பிழைப்பும் நன்றாகவே நடந்தது. 2006-ல் மயாமியில், 95 வயதில் இறந்தார்.

பார்னாவும் காட்சி ஆட்டம் ஆடக்கூடியவர்தான். ஆனால் ஒரு கூத்துக்கு வயிறுவலிக்கச் சிரிக்கவைப்பவர் ஒருவர் வேண்டும், ஆட்டத்தை அழகாகக் காட்டுபவர் ஒருவர் வேண்டும்; முதலாமவர் தனியாகவும் பிழைப்பார், இரண்டாமவர் முதலாமவர் இல்லாமல் மேடையேற முடியாது. பார்னா இரண்டாமவர்.

லண்டன்

காகிதத்தில் எழுதிப் பார்த்தால் மோசமான தேர்வு. குண்டு விழப்போகிற நகரம். பார்னா அப்போது பிரிட்டிஷ் குடிமகனும் இல்லை. 1941 டிசம்பரில் பிரிட்டன் ஹங்கேரிமீது போர் அறிவித்தபோது, ஹங்கேரிக் கடவுச்சீட்டு என்பதே எதிரி நாட்டுச் சீட்டாகிவிட்டது. இதையெல்லாம் எடைபோட்டுத்தான் நான் அமெரிக்காவிலேயே இருந்திருப்பேன் என்று சொன்னேன்.

பார்னா திரும்பினார். பிரிட்டிஷ் ராணுவத்தில் பாராசூட் வீரராகச் சேர்ந்தார். பெர்க்மனும் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தவர். இந்த இடத்தில் என் தராசு வேலை செய்யாது. தகடு வைத்த கையோடு விமானத்திலிருந்து குதிக்கப் போகிறவரிடம் லாப நஷ்டம் பேசுவது அசட்டுத்தனம். நாஜிகளை எதிர்த்துச் சண்டையிட வேண்டும் என்பது ஒருவரின் முடிவென்றால் அது வேறு கணக்கு.

ஆனால் போர் முடிந்தபின் லண்டனிலேயே தங்கினாரே, அதைத் தராசில் வைக்கலாம். வைத்தால் லண்டன் பக்கம் தட்டு தாழ்ந்துவிடுகிறது.

அந்த ஆட்டத்தின் தலைமையகமே அங்கேதான். சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு உருவான 1926-ல் முதல் உலகப் போட்டி நடந்ததும் லண்டனில். கூட்டமைப்பின் தலைவர் ஐவர் மாண்டகு லண்டன்காரர். அந்தப் பதவியில் 1967 வரை இருந்தார். அணிகளுக்கான ஸ்வேத்லிங் கோப்பையைக் கொடுத்தவர் அவருடைய அம்மா. தேவாலயக் கூடம், தொழிற்சாலை மன்றம், இளைஞர் சங்கம் என்று தெருவுக்கு ஒரு மேசை கிடந்த நாடு. மேசை கிடக்கும் இடத்தில் மட்டை விற்கும். மட்டை விற்கும் இடத்தில்தான், இனி உலகப் பட்டம் வெல்லப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு மனிதரின் பெயருக்கு விலை இருக்கும்.

டன்லப் நிறுவனம் அவரைப் பிரதிநிதியாக எடுத்துக்கொண்டது. பார்னா பெயர் பொறித்த டன்லப் மட்டைகள் கடைக்கு வந்தன. அவர் வேலை என்னவென்றால் ஊர் ஊராகப் போவது, ஆடிக் காட்டுவது, சொல்லிக்கொடுப்பது, பெயரை நிறுத்திவைப்பது. அமெரிக்காவில் பெல்லாக் செய்ததும் கிட்டத்தட்ட இதேதான் என்று நீங்கள் சொல்லலாம். வித்தியாசம் இருக்கிறது. அங்கே பார்க்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். இங்கே பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போய் அந்தப் பேக்ஹேண்ட் சொடுக்கை முயன்று பார்க்கப்போகிறவர்கள். பார்னாவுக்கு அந்தக் கூட்டம்தான் தேவை. 1967-ல் பழைய உலகப் போட்டி ஆட்டக்காரர்களுக்காக ஸ்வேத்லிங் கிளப் தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

1945-க்குப் பிறகு புடாபெஸ்டுக்கே திரும்பியிருக்கலாமே என்று ஒரு கேள்வி வரும். அது அவ்வளவு அபத்தமில்லை. ஹங்கேரி டேபிள் டென்னிஸ் அப்போதும் பெரும் சக்தி. கிஸெல்லா ஃபர்காஷ் 1947 முதல் 1949 வரை தொடர்ந்து மூன்று முறை உலகப் பெண்கள் சாம்பியன். 1952-ல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஸ்வேத்லிங் கோப்பை ஹங்கேரிக்கு. மறு ஆண்டு ஃபெரென்ட்ஸ் ஷிடோ ஒற்றையர் சாம்பியன். ஜெயிக்கிற வயதில் இருந்தால் அந்த அரசு உங்களைத் தாங்கும். ஆனால் நாற்பதை நெருங்கும், வெளிநாட்டில் வாழ்ந்து பழகிய, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு? ஷாண்டோர் ஸூச் என்ற கால்பந்து வீரர் நாட்டைவிட்டுத் தப்ப முயன்றதற்காக 1951-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஹங்கேரி அணி பம்பாயில் கோப்பையைத் தூக்கிய அதே 1952-ல் பார்னா பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிக்கொண்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயுளை மட்டும் எண்ணினால் பெல்லாக் 35 ஆண்டு முன்னால் நிற்கிறார். லண்டனில் பார்னா பணக்காரராகவும் ஆகவில்லை. சம்பளத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு அலையும் விற்பனைப் பிரதிநிதியின் வாழ்க்கைதான். உலகமே கைதட்டிய ஒருவருக்கு இது இறக்கம் என்று நினைப்பவர்களோடு நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் கை போன பின்னும் அதே மேசைக்குப் பக்கத்திலேயே நிற்க ஓர் இடம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அன்றைய உலக வரைபடத்தில் லண்டனைத் தவிர வேறு ஊரைக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

1972 பிப்ரவரியில் டன்லப் வேலையாகத் தென் அமெரிக்கா போயிருந்தபோது, பெரு நாட்டின் லிமா நகரில் மாரடைப்பில் இறந்தார். பிரவுன் என்ற பெயர் தெரியக்கூடாது என்று புடாபெஸ்டில் போட்டுக்கொண்ட பார்னா என்ற பெயர், அப்போதும் மட்டைகளில் அச்சாகிக்கொண்டிருந்தது.